நாலாம் நம்பரில் ஹீட்டர்

நம் ஊரில் விற்கிற காரில் ஹீட்டர் எதற்கு என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் மார்கழிக்கே ஒரு போர்வை போதும். இருந்தாலும் வைத்துத்தான் விற்கிறார்கள். என் வண்டியிலும் இருந்தது. அதன் காத்தாடிக்கு நாலு நம்பர். அந்த நாலாம் நம்பரில் வைத்து ஒரு முறை ஒரு மனிதரை வேக வைத்திருக்கிறேன். கத்திரி வெயிலில், அவருடைய கல்யாணத்துக்கு முதல் நாள், தவில் நாதஸ்வரத்தோடு.

சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, கூரையை மடக்கிவிடலாம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்தான். சிங்கப்பூரில் எட்டு வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு பூதலூருக்குத் திரும்பியபோது எனக்கு இரண்டு கடமைகள் காத்திருந்தன. ஒன்று நிலத்தைப் பார்த்துக்கொள்வது. இன்னொன்று அத்தை மகளைக் கட்டிக்கொள்வது. அப்பாவின் தங்கை மகள், முறைப்பெண். நன்னிலத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் தேதி பார்க்கலாமா என்றார்கள். அடுத்த வருஷம் என்றேன். அந்த வருஷம் வண்டி வாங்கினேன். மறு வருஷமும் அடுத்த வருஷம் என்றேன். அந்த வருஷம் சஸ்பென்ஷன் மாற்றினேன். மூன்றாம் வருஷம் ஏசியைக் கழற்றினேன்.

கழற்றியதற்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற ரேஸ் ட்ராக்கில் நம் வண்டியை நாமே கொண்டுபோய் ஓட்டலாம். நிலத்தில் கோடை உழவு போடாமல் நான் அங்கே போய்ச் சுற்றிக்கொண்டிருப்பேன். அங்கே ஒரு விதி. ரேடியேட்டரில் எஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்ட் திரவம் கூடாது. அது ரோட்டில் கொட்டினால் எண்ணெய் மாதிரி வழுக்கும், லேசில் காயாது, பின்னால் வருகிறவன் சுவரில் போய் அப்புவான். ஆகவே வெறும் தண்ணீர், துருப் பிடிக்காமலிருக்க அதில் ஒரு மூடி மருந்து. தஞ்சாவூர் மெக்கானிக் அண்ணன், "பேட்டரிக்கு ஊத்துற சுத்தமான தண்ணியா வாங்கி ஊத்து" என்றார். நான் எங்கள் பம்பு செட்டுத் தண்ணீரை ஊற்றினேன். முப்போகம் விளைவித்த தண்ணீர், ஒரு எஞ்சினைக் குளிர வைக்காதா என்ற ஊர்ப் பெருமை. அடுத்த முறை திறந்து பார்த்தவர், "டீக்கடை பாய்லர்ல கூட இவ்வளவு உப்பு படியாது தம்பி. இது நாத்துக்குப் பாய்ச்சற தண்ணி" என்றார்.

கூலண்டை எடுத்தாயிற்று, அடுத்தது ஏசி. ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் பலகை மாதிரி நிற்கும். காற்றை மறிக்கும். கம்ப்ரஸர், குழாய், அதற்கென்று தனியாக இருந்த காத்தாடி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டால் இருபது கிலோ குறையும் என்று கணக்குப் போட்டேன். அன்று சாயங்காலம் அத்தை மகளுக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன்.

"இருபது கிலோவா? உங்க தொப்பை எத்தனை கிலோ அத்தான்?"

"விளையாடாத. ஒரு ரவுண்டுக்கு அரை செகண்டு மிச்சமாகுது."

அந்தப் பக்கம் ஏதோ எண்ணுகிற முணுமுணுப்பு. அப்புறம், "மூணு வருஷம் போயி அரை செகண்டு வந்திருக்கு" என்றாள். கணக்கு டீச்சர் அல்லவா. நான் சிரித்தேன். அது நகைச்சுவை என்று நினைத்தேன்.

அவள் பொறுமைசாலி. வண்டியைப் பற்றி நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள். ஹீட்டர் வித்தையைக்கூட அவளுக்கு ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறேன். ட்ராக்கில் ஓடும்போது டேஷ்போர்டில் சூட்டு முள் ஏறினால் ஹீட்டரைத் திறந்துவிட வேண்டும். எஞ்சினின் சூட்டை அது உள்ளே இழுத்து நம் முகத்திலும் காலிலும் அடிக்கும். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும்.

"ஓட்டுறவர்?"

"அவன் கொஞ்சம் வேகத்தான் செய்வான்."

"அப்ப மனுஷன் வெந்தாலும் பரவால்ல, எஞ்சின் வேகக் கூடாது."

"அதேதான்!" என்று கத்தினேன். ஒரு பெண்ணுக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டதே என்ற சந்தோஷம். என் அளவு பெரிய முட்டாளை நான் இன்றுவரை கண்ணாடிக்கு வெளியே பார்த்ததில்லை.

நாலாம் வருஷம் பத்திரிகை வந்தது. யாரும் என்னோடு சண்டை போடவில்லை. அத்தை வெற்றிலை பாக்கோடு வந்து வைத்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை துபாயில் இன்ஜினியர். என்ன இன்ஜினியர்? பெரிய பெரிய கட்டடங்களுக்கு ஏசி போடுகிறவர். என்னைவிடக் குசும்பு பிடித்தவர் மேலே ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அவளே போன் செய்தாள்.

"அத்தான், மாப்பிள்ளை அழைப்புக்கு உங்க வண்டி வேணும். கூரையை மடக்கி, பூ கட்டி, நீங்களே ஓட்டிட்டு வாங்க."

"என் வண்டியா? எதுக்கு?"

"அந்த வண்டியால எனக்கு மூணு வருஷம் போச்சு. ஒரு அரை மணி நேரமாவது அது எனக்காக உழைக்கட்டும்." கோபமாகச் சொல்லவில்லை. "ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். அவங்க வீட்டுல பத்தும் பேசுவாங்க. அவருக்கு ஒரு குறையும் வராம மண்டபத்துல கொண்டுவந்து இறக்கிடுங்க. அது போதும்."

சரி என்றேன்.

மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். "உன் வண்டி ஓடிக்கிட்டே இருந்தா எதிர்க்காத்து பட்டுப் பொழைச்சுக்கும். ஊர்வலம்னா நடக்கணும்டா. காத்தும் கெடையாது, ஏசி காத்தாடியையும் புடுங்கிட்ட, உள்ள இருக்கிறது வெறும் தண்ணி. சீக்கிரம் கொதிச்சிடும். கூலண்ட் ஊத்தி அந்தக் காத்தாடியத் திருப்பி மாட்டித் தரேன். அரை நாள் வேலை."

அரை நாள் வேலை. நான் விடவில்லை. அடுத்த மாதம் ட்ராக்குக்குப் போக வேண்டும், மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமே என்றேன். அது பாதிக் காரணம். மீதிப் பாதியைத் தேடிப் பார்க்கும் துணிச்சல் அப்போது எனக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூதலூரிலிருந்து கிளம்பினேன். அப்பாவும் அம்மாவும் முந்தின நாளே போய்விட்டார்கள். அப்பாதான் தாய்மாமன், அவர் இல்லாமல் அங்கே ஒரு சடங்கும் நடக்காது. வாய்க்காலெல்லாம் வறண்டு, உளுந்து எடுத்த வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நன்னிலம் பக்கம் மட்டும் பருத்தி நின்றது. வேகமாகப் போனதால் சூட்டு முள் பாதியைத் தாண்டவே இல்லை. மெக்கானிக்குகள் எப்போதும் பயமுறுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலரைக்கு ராகு காலம். அதனால் நாலு மணிக்கே பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் புறப்பட்டாக வேண்டும். சாயங்காலம் என்று பெயர்தானே தவிர வெயில் மண்டையைப் பிளந்தது. மாப்பிள்ளை கோட்டு, சூட்டு, டை, ஷூ, அதற்கு மேல் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முறைக்கு நானும் அவரும் அண்ணன் தம்பி. அவளைக் கட்டியிருக்க வேண்டியவனும் கட்டப்போகிறவனும் வேறு என்ன ஆவார்கள்?

உட்கார்ந்ததும் அவர் கண் போன இடம் டேஷ்போர்டு. தொழில் புத்தி.

"ஏசி சுவிட்ச் எங்கண்ணே?"

"கழட்டிட்டேன் தம்பி. வெயிட்டு."

அவர் என் வயிற்றை ஒரு தடவை பார்த்தார். டையைச் சரி செய்துகொண்டார். நல்ல குடும்பத்துப் பிள்ளை.

தவில்காரர்களுக்கு அவசரமே கிடையாது. பத்தடிக்கு ஒரு தரம் நின்று வாசித்தார்கள். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் வண்டிக்கு முன்னால் ஆடினார்கள். வீடியோக்காரர் பின்பக்கமாகவே நடந்தார். முதல் தெரு முடிவதற்குள் முள் எழுந்துவிட்டது. பாதி, முக்கால், சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல்கடை. வண்டியை அணைத்துவிட்டு நாலு பேரைத் தள்ளச் சொல்லியிருக்கலாம். செத்த வண்டியில் மாப்பிள்ளை வந்தார் என்ற பேச்சு யாருக்கு வேண்டும்? என் வண்டி பிறர் தள்ளி ஓடுவதா? ஹீட்டரைத் திறந்தேன். இரண்டாம் நம்பர். முள் நின்றது. ஒரு மயிரிழை இறங்கவும் செய்தது. வித்தை பலித்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணே, உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேன். அவ இவ்வளவு பொறுமையா இருக்காளேன்னு கேட்டேன். எங்க அத்தான்கிட்ட பழகுனதுன்னா. நெறைய வண்டி விஷயமெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கா. எனக்கே சொல்லிக் குடுத்தாண்ணே."

மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொன்னவரில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு மட்டும் என்று நினைத்திருந்த அந்தச் சாயங்காலங்களைப் பிரித்து இவருக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறாள். என் கை தானாக எழுந்து குமிழைத் திருகியது. மூன்று. நாலு.

கொல்லன் உலைத் துருத்தி மாதிரி அடித்தது. மேலே சூரியன், கீழே ஹீட்டர், நடுவில் கோட்டு சூட்டில் மாப்பிள்ளை. மாலை ரோஜா சுருங்குவது என் கண்ணுக்கே தெரிந்தது. நானும்தான் வெந்தேன். ஆனால் எனக்கு மூன்று வருஷப் பயிற்சி.

அவர் காற்று வரும் ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தார்.

"அண்ணே, ஹீட்டர் ஓடுதா?"

"சேச்சே. எஞ்சின் சூடு தம்பி. ஸ்போர்ட்ஸ் கார்ல அப்படித்தான்."

துபாயில் நாற்பது மாடிக்குக் காற்று அனுப்புகிறவரிடம் நான் காற்றைப் பற்றிப் பொய் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"சரிண்ணே" என்று கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார்.

இரண்டாவது தெரு முனையில் அவர் தலை மாலைக்குள் கவிழ்ந்தது. "சார் ரொம்ப வெக்கப்படாதீங்க, கொஞ்சம் நிமிருங்க" என்றார் வீடியோக்காரர். மாப்பிள்ளை நிமிரவில்லை. மெதுவாகச் சரிந்து என் தோளில் சாய்ந்தார். நாதஸ்வரம் அந்த இடத்தில் பிரமாதமாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஒரே களேபரம். அவரைத் தூக்கி, பூட்டியிருந்த ஒரு கடையின் தகரப் பந்தலடியில் படுக்க வைத்து, டையை அவிழ்த்து, முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். அவர் அம்மா தெருவிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். யாரோ ஒரு சோடாவை உடைத்து, மாப்பிள்ளைக்குக் கொடு என்று என் கையில் தந்தார்கள். நான் அதை வாங்கி முழுசாகக் குடித்தேன்.

எங்கள் பக்கத்து ஜனம் ஓர் ஓரமாகக் கூடிவிட்டது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் அப்படிப் போட்டால் பஞ்சாயத்து என்று அர்த்தம்.

"ஏதோ வியாதி இருக்கு. மறைச்சுக் கட்டி வைக்கப் பாக்குறாங்க."

கண் திறந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடம் போய் நின்றார். "தம்பி, இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா? மறைக்காம சொல்லணும்."

"இல்லைங்க. வெயில்தாங்க."

"துபாய்ல இல்லாத வெயிலா நன்னிலத்துல?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளை என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரே ஒரு தடவை. அப்புறம் தன் ஷூவைப் பார்த்தார்.

அம்மா என் காதருகே வந்தாள். "டேய், இது நிக்கப்போவுதுடா. முகூர்த்தத்த விடக் கூடாது. உங்கப்பா அத்தைகிட்டப் பேசுவாரு. நீ பேசாம இரு, போதும்."

பேசாமல் இருந்தேன். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. ஹீட்டர். நாலே எழுத்து. வாரம் முழுக்க வண்டியைப் பற்றியே பேசி ஊரை அறுக்கிற என் வாய் அன்றைக்கு அந்த வார்த்தையை மட்டும் சொல்ல மறுத்தது. இன்னும் கேவலமாகச் சொன்னால், அம்மா சொன்ன அந்த முகூர்த்தத்தில் நான் எந்த வேட்டியைக் கட்டுவது என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். நான் கொண்டுவந்தது ஒரே ஒரு பேண்ட்.

கூட்டம் திடீரென்று விலகியது. கல்யாணப் பெண் வந்துகொண்டிருந்தாள். மண்டபத்தில் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்தவள் செய்தி கேட்டுப் பாதியில் எழுந்து நடந்தே வந்திருக்கிறாள். ஜடையில் ஒரு பக்கம்தான் பூ தைத்திருந்தது. மறு பக்கம் ஊசி தொங்கியது. பெண் தெருவுக்கு வரலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் மாப்பிள்ளையைப் பார்த்து, "தண்ணி குடிச்சீங்களா?" என்றாள். அவர் தலையாட்டினார். அடுத்து அவள் என்னிடம் வரவில்லை. வண்டியிடம் போனாள்.

எஞ்சினை நான் அணைக்கவில்லை. அதுவும் ஹீட்டரும் ஓடிக்கொண்டே இருந்தன. அவள் குனிந்து காற்று ஓட்டையில் புறங்கையை வைத்தாள், வெடுக்கென்று எடுத்தாள். குமிழைப் பார்த்தாள்.

"நாலு" என்றாள், வகுப்பில் விடை சொல்கிற குரலில்.

"என்னம்மா நாலு?" என்றார் அப்பா.

"அவருக்கு வியாதி ஒண்ணும் இல்ல மாமா. உங்க பையன் கத்திரி வெயில்ல ஹீட்டர் போட்டு அவரை வேக வச்சிருக்காரு."

அப்பா வாழ்நாளில் முதல் தடவையாக என் வண்டியைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஹீட்டர்னா என்னடா?"

"எஞ்சினைக் காப்பாத்த..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எஞ்சினுக்கு எத்தனை போதும்?"

நான் பானெட்டைப் பார்த்தேன்.

"உங்களத்தான் கேக்குறேன். எத்தனைல முள்ளு நின்னுச்சு?"

"ரெண்டு."

"அப்ப மிச்சம் ரெண்டு யாருக்கு?"

நானூறு ஐந்நூறு தடவை அந்தக் கேள்விக்கு அப்புறமாகப் பதில் யோசித்திருக்கிறேன். ஒன்றும் கிடைக்கவில்லை. தவில்காரர்கூட என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா, "வேற கார் வச்சுக்கலாம்மா, இந்த எழவு வண்டி வேணாம்" என்றார். அவள் முடியாது என்று தலையசைத்தாள்.

"பாதியில இறங்கிட்டாருன்னா நாளைக்கு அதையே அபசகுனம்னு பேசுவாங்க அத்தை. அதே வண்டிதான். மண்டபத்து வாசல்லதான் இறங்குவாரு." குமிழைப் பிடித்துத் திருகி நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்து, "டிரைவர், வண்டிய எடுங்க. இதுல கை வைக்கக் கூடாது" என்றாள்.

பிறந்ததிலிருந்து அத்தான் என்று கூப்பிட்டவள்.

மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டையோடு ஏறினார். அவள் அவர் பக்கத்துக் கதவில் கை வைத்தபடி கூடவே நடந்தாள். அப்படி ஒரு மாப்பிள்ளை அழைப்பை நன்னிலம் பார்த்திருக்காது. இன்னும் இரண்டு தெரு. வேகமாகப் போனால் பிழைத்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நாதஸ்வரக்காரரைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தேன். அவளும் அவரைப் பார்த்தாள்.

"அவசரம் ஒண்ணும் இல்லைங்க. நிதானமா வாசிங்க."

அவர் நிதானமாக வாசித்தார். நின்று, நிமிர்ந்து, மூச்சிழுத்து வாசித்தார். முள் சிவப்புக் கோட்டுக்குள் போனது. அதற்கும் மேலே போக இடமில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. எஞ்சினுக்குள் யாரோ கூழாங்கல்லைக் குலுக்குகிற சத்தம். எஞ்சினுக்கு மேல் மூடி மாதிரி இருக்கிற அலுமினிய ஹெட்டு இந்தச் சூட்டில் அப்பளம் மாதிரி வளையும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் எது போய்க்கொண்டிருக்கிறது என்று பெயர் சொல்லி அழுதிருப்பேன். கை மட்டும் ஸ்டியரிங்கை விட்டு எங்கும் போகவில்லை. அவள் குமிழையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மண்டபத்து வாழைமரத்துக்கு நேராக வந்ததும் பானெட்டுக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று வெள்ளையாக ஆவி கிளம்பி வண்டியை மூடியது. கூட்டம் கைதட்டியது. இப்போதெல்லாம் கல்யாணங்களில் புகை விடுகிறார்களே, அது என்று நினைத்துக்கொண்டார்கள். "சூப்பர் சார்! இன்னொரு தடவை விடுங்க, குளோசப் எடுத்துக்கறேன்" என்றார் வீடியோக்காரர். எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கி, தானாக நின்றது. இன்னொரு தடவை அது எதையும் விடவில்லை.

ஆரத்தி சுற்ற வந்தார்கள். இறங்குமுன் மாப்பிள்ளை என் பக்கம் குனிந்தார்.

"ஹெட்டு போயிடுச்சுண்ணே."

"தெரியுது தம்பி."

"எஞ்சினைக் காப்பாத்தணும், பொறுத்துக்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலுலயும் உக்காந்திருப்பேன்ணே."

அதைச் சொல்லிவிட்டு ஆவிக்குள் இறங்கிப் போனார். அன்றைக்கு நடந்ததிலேயே பெரிய கொடுமை அதுதான். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. தாய்மாமன் சீரைத் தூக்கிக்கொண்டு அப்பா என் வண்டியைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது, அது வாசலை அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் கடைசிப் பந்தியில், கடைசி இலையில் உட்கார்ந்தேன். ரசம் கொண்டுவந்தவர் எங்கள் பங்காளி வழியில் ஒருவர். கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சோற்றில் ஊற்றாமல் நின்றார். ரசத்தில் ஆவி பறந்தது. இலை வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ரெண்டா, நாலா?" என்றார்.

பந்தியே சிரித்தது. எதிர்ப் பக்கம் மணமக்கள் இலையில் அவளும் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

சோற்றில் குழி பறித்தேன். "நாலு ஊத்துங்க" என்றேன்.